சேங்கொட்டைக் கோடு

கடல் இல்லாத நாடு ஒன்று இருந்தது. கடல்தான் இல்லையே தவிர, கடற்படைக்கு ஓர் அமைச்சர் இருந்தார். அவர் ஆண்டுக்கு ஒருமுறை ஏரியில் பரிசல் விட்டுக் காட்டுவார், மக்கள் கைதட்டுவார்கள். நல்லூற்று நாடு எவ்வளவு ஒழுங்காக நடந்துவந்தது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

அந்த நாட்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் பெருங்காவலர் ஆண்டார். அவருக்குப் படை உண்டு, பீரங்கி உண்டு, மார்பு முழுக்கப் பதக்கம் உண்டு. போர் தொடுக்கும் அதிகாரம் மட்டும் கிடையாது. அது அறுபத்தொரு உறுப்பினர்கள் கொண்ட சபையிடம் இருந்தது.

முன்பெல்லாம் அந்த அதிகாரமும் அரசனிடம்தான் இருந்ததாம். பக்கத்து நாட்டுக் கல்யாண விருந்தில் தனக்கு மட்டும் உடைந்த அப்பளம் வைத்துவிட்டார்கள் என்று ஓர் அரசன் படையெடுத்துப் போனான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. எஞ்சியவர்கள் நொண்டிக்கொண்டும் கட்டுப்போட்டுக்கொண்டும் ஊர் வந்து, முதல் வேலையாக அரசனை இறக்கினார்கள். இரண்டாவது வேலையாகச் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். அடிபட்டவர்கள் எழுதிய சட்டம் என்பதால் அதில் கொஞ்சம் வலியும் கலந்திருந்தது.

போரா இல்லையா என்பதைச் சபை வெளிப்படையாகக் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். போர் என்று கை தூக்குகிறவர்களின் புறங்கையில் சேங்கொட்டைப் பாலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். வண்ணார் துணிக்குக் குறி போடுவார்களே, அதே சேங்கொட்டைதான். துணியில் போட்டால் துணி கிழியும்வரை போகாது. தோலில் பட்டால் எரியும், கொப்புளிக்கும், பதினைந்து நாள் தூங்கவிடாது. புண் ஆறிய பிறகும் கறை ஓராண்டு நிற்கும். ஊரார் பிள்ளைகளைச் சாகப் போகச் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது எரியட்டும் என்று அந்த முன்னோர் நினைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் போட்டால் கும்பிடு போட்டே மறைத்துவிடுவார்கள் என்பதால் புறங்கை என்று விளக்கமாக எழுதினார்கள். கறை படாத போர்த் தீர்மானம் செல்லாது என்றும் எழுதினார்கள். சபை உறுப்பினர்களை நன்றாகப் புரிந்துவைத்திருந்த மனிதர்கள்.

போர் என்று சபை சொல்லிவிட்டால், படைக்குப் பின்னாலேயே வைத்தியர்களும் மீட்பு வண்டிகளும் போய், விழுந்தவர்களைத் தூக்கி வர வேண்டும். போர் இல்லை என்று சொல்லிவிட்டால், படை மூன்றே நாளில் வீடு திரும்ப வேண்டும். இவ்வளவுதான் சட்டம். ஒரே ஒரு விலக்கு உண்டு. அறுவடை நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் சபையைக் கூட்டிப் பேசிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? ஆகவே பன்றி விரட்ட மட்டும் பெருங்காவலர் யாரையும் கேட்காமல் நாற்பது நாள் படையை அனுப்பலாம். நாற்பதாம் நாள் பொழுது சாய்வதற்குள் படை எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். பன்றிதானே என்று முன்னோர் அந்த ஓர் இடத்தில் அசந்துவிட்டார்கள்.

சேங்கொட்டைப் பால் இருந்த செம்புச் சிமிழைக் காப்பதற்குச் சபையில் ஒரு ஊழியர் இருந்தார். பெயர் சிட்டம்மாள். இருபத்தேழு ஆண்டுகளாக அதே வேலை. மாதம் ஒருமுறை பழைய பாலைக் கொட்டிப் புதுப் பால் எடுத்து வைப்பார். அதைத் தொட்டுக் கோடு இழுக்கும் வேலை ஒருநாளும் வந்ததில்லை. வராதவரை நாட்டுக்கு நல்லது என்று அவரும் நிம்மதியாக இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் தங்கப்பழம், படையில் இருந்தான்.

அந்த ஆண்டு பெருங்காவலராக இருந்தவர் ரணசூரர். ஒரு காலையில் அவருடைய தோட்டத்துச் சேனைக்கிழங்குப் பாத்தி கிளறப்பட்டுக் கிடந்தது. குளம்புத் தடம் எல்லையைத் தாண்டி மேலக்காட்டு நாட்டுக்குள் போவதாக அவருடைய காவலர்கள் சொன்னார்கள். மேலக்காட்டில் நல்ல இரும்புத் தாது இருந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அன்றே அறிக்கை வந்தது. யாரும் கேட்காமலே வந்தது.

எண்ணூறு வீரர்கள் பன்றி விரட்டப் போனார்கள். பன்னிரண்டு பீரங்கிகளும் போயின.

"பன்றிக்கு எதற்குப் பீரங்கி?" என்று சபையில் ஓர் உறுப்பினர் கேட்டுவிட்டார்.

"பெரிய பன்றி" என்று பெருங்காவலரிடமிருந்து பதில் வந்தது. சபை அதைக் குறிப்பில் ஏற்றுக்கொண்டது.

பத்தாம் நாள் மேற்கே புகை தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் மேலக்காட்டு மக்கள் மூட்டை முடிச்சுகளோடு மலைச்சரிவில் ஓடுவதை ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்தார்கள். நான்கு ஊர்கள் எரிந்திருந்தன. பன்றி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

சபை அவசரமாகக் கூடி அதிர்ச்சி அடைந்தது.

இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அந்தச் சபைக்கு அதிர்ச்சி அடைவதற்கென்றே விதிமுறை உண்டு. அதிர்ச்சி, பேரதிர்ச்சி, சொல்லொணா அதிர்ச்சி என்று மூன்று படிகள். முதல் படிக்கு உட்கார்ந்தபடி நெஞ்சில் கை வைத்தால் போதும். இரண்டாம் படிக்கு எழுந்து நிற்க வேண்டும். மூன்றாம் படிக்கு மேல்துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்ற வேண்டும். சபைத் தலைவர் அருமைநாயகம், எந்த நேரத்தில் எந்தப் படி என்று முடிவு செய்வதில் கைதேர்ந்தவர். அன்று அவர் இரண்டாம் படியைத் தேர்ந்தார். அறுபத்தொரு பேரும் எழுந்து நின்று பேரதிர்ச்சி அடைந்து, பிறகு உட்கார்ந்து மோர் குடித்தார்கள்.

கை தூக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. போர் என்றால் புறங்கை எரியும். இல்லை என்றால் பெருங்காவலரின் ஆட்கள் 'பன்றிக்குப் பாய் விரிப்பவன்' என்று வீட்டுச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். அதிர்ச்சிக்கு மட்டும் எரிச்சலும் இல்லை, ஏச்சும் இல்லை.

இருபதாம் நாள், படைச் சமையல்காரர் இசக்கி கையில் கொதிநீர் கொட்டி ஊருக்குத் திரும்பினார். வந்தவர் நேராகச் சிட்டம்மாள் வீட்டுக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, பதறாத. தங்கப்பழம் உசுரோட இருக்கான். தொடையில ஈட்டி ஏறிட்டு. நடக்க முடியல. ஒரு கொட்டில்ல கெடக்கான். புண்ணு வாடை அடிக்கி."

"வைத்தியர் பாக்கலையாடா?"

"வைத்தியர் எங்க வந்தாரு? சண்டைன்னா வைத்தியர் உண்டு. இது பன்னி வெரட்டுல்லா?"

சிட்டம்மாள் மறுநாள் காலை சபைத் தலைவரின் அறை வாசலில் நின்றார். அருமைநாயகம் அப்போது அடுத்த அதிர்ச்சிக்கான வாசகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, எம்மவன் அங்க காலு அழுகிக் கெடக்கான். நீங்க ஒண்ணும் பெருசா செய்ய வேண்டாம். போருன்னு சொல்லிருங்க, வைத்தியரு வண்டியக் கூட்டிட்டுப் போயிருவாரு. இல்ல, போரு இல்லன்னு சொல்லிருங்க, எல்லாரும் திரும்பி வந்துருவாங்க. ரெண்டுல எதச் சொன்னாலும் எம்புள்ள வீட்டுக்கு வந்துருவான்யா."

அருமைநாயகம் மனம் இளகக்கூடியவர். கண் கலங்கினார் என்றுகூடச் சொல்கிறார்கள்.

"அம்மா, போரை முடிவு செய்யும் அதிகாரம் இந்தச் சபையின் கண். அதை யாரும் பறிக்க நான் விடமாட்டேன்" என்றார்.

"பறிக்க வேண்டாம்யா. நீங்களே எடுத்துச் செய்யுங்க."

"அதிகாரம் என்பது அடிக்கடி எடுத்துப் பயன்படுத்தும் பொருள் அல்ல. பயன்படுத்தினால் தேய்ந்துவிடும். இன்னும் இருபது நாள் பொறுங்கள். நாற்பதாம் நாள் சட்டப்படி படை திரும்பியே ஆக வேண்டும். சட்டத்தின் மீது நம்பிக்கை வையுங்கள்."

சிட்டம்மாள் நம்பிக்கை வைத்தார். அவருக்கு வேறு என்ன வழி இருந்தது?

நாற்பதாம் நாள் பாதி நாடு எல்லைக்கல்லுக்குப் போய்விட்டது. ஆரத்தித் தட்டு, மாலை, பாயசத் தூக்கு என்று திருவிழாக் கூட்டம். சிட்டம்மாள் ஒரு கட்டிலோடு நான்கு ஆட்களைக் கூட்டிப் போயிருந்தார், மகனைத் தூக்கிவர. பொழுது சாயும் நேரத்தில் படை வந்தது. வரிசையாக எல்லைக்கல்லைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தார்கள். படைத்தலைவர் ஓலையைப் பிரித்தார்.

"முதலாம் பன்றி விரட்டு சட்டப்படி இனிதே முடிந்தது. இரண்டாம் பன்றி விரட்டு இப்போது தொடங்குகிறது. திரும்பி நில். நட."

படை திரும்பி நடந்தது. ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. ஒரு தாய் ஓடிப்போய் மகனுடைய வாயில் ஒரு கரண்டிப் பாயசத்தை வைக்கப் பார்க்க, பாதி அவன் சட்டையில் கொட்டியது. இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க முடியவில்லை.

சிட்டம்மாள் படைத்தலைவரின் குதிரைக்குக் குறுக்கே நின்றார். "எம்மவன் எங்கய்யா? தங்கப்பழம்."

"நடக்க முடிந்தவர்கள் மட்டுமே திரும்ப வேண்டும் என்று ஓலையில் உள்ளது, அம்மா. நடக்க முடியாதவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை."

மறுநாள் சபை மூன்றாம் படியில் அதிர்ச்சி அடைந்தது. துண்டால் கண்ணை ஒற்றுகிற காட்சியைப் பார்க்கப் பார்வையாளர் மாடத்தில் இடமில்லை. மக்களும் இந்த முறை வீட்டுக்குப் போகவில்லை. சந்தையில், படித்துறையில், வண்டிப்பேட்டையில் எல்லாரும் ஒரே பேச்சாக, "இது போருதான், வேறென்ன" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

உடனே ரணசூரரிடமிருந்து ஓர் ஆணை வந்தது. 'போர் என்று சொல்லும் உரிமை, நமது மாண்புமிகு சபைக்கு மட்டுமே உண்டு. சபை இன்னும் சொல்லவில்லை. ஆகவே அந்தச் சொல்லைப் பிறர் உச்சரிப்பது சபையின் உரிமையில் கை வைப்பதாகும். உச்சரிப்பவர்களுக்குப் பத்துக் கசையடி.' சபையின் உரிமையைக் காப்பதில் பெருங்காவலருக்கு இருந்த அக்கறையைப் பாராட்டிச் சபை நன்றி தெரிவித்தது. அந்த வாரம் பதினேழு பேர் சபையின் உரிமைக்காக அடி வாங்கினார்கள்.

அடுத்த ஆணை இன்னும் மோசம். பன்றி விரட்டில் யாரும் சாவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால், திரும்பாத வீரர்கள் 'வீடு வரத் தாமதமானவர்கள்' என்று பட்டியலிடப்பட்டார்கள். அவர்களுக்குக் கருமாதி செய்யக் கூடாது. வீட்டுப் பெண்கள் சத்தம் போட்டு அழக் கூடாது. தாமதமானவரின் மனைவி தினமும் அவருக்கு இலை போட்டுச் சோறு வைக்க வேண்டும். காவலர் வந்து பார்ப்பார். தன் புருஷன் குழிக்குள் போனதை இசக்கி வாயாலேயே கேட்டுவிட்ட ஒரு பெண், காவலர் பார்க்க இலை போட்டுச் சோறு வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். இதையெல்லாம் ஒரு நாடு எப்படித் தாங்கிக்கொண்டது என்று கேட்பீர்கள். தாங்கிக்கொண்டது. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் இரண்டாம் நாற்பது முடிய ஏழு நாள் இருக்கும்போது, மக்கள் சபை வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். முடிவு சொல்லாமல் யாரையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள். அருமைநாயகத்துக்கு வேறு வழி இல்லை.

"சிமிழைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

இருபத்தேழு ஆண்டுகளில் முதல்முறையாகச் சிட்டம்மாள் சிமிழோடு சபை நடுவே வந்தார். புதுப் பால் எடுத்திருந்தார். கோடு இழுக்கும் ஈர்க்குச்சியையும் சீவி வைத்திருந்தார். எந்தப் பக்கம் கை தூக்கினாலும் இன்று பொழுது சாய்வதற்குள் தன் பிள்ளைக்கு வழி பிறந்துவிடும் என்று அவருக்கு ஒரே நினைப்பு. எல்லை அங்கிருந்து வண்டியில் அரை நாள் தூரம்தான்.

ரணசூரரின் தரப்பில் ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது: 'நாற்பது நாள் என்ற கணக்கு இல்லாமல், பன்றிகள் தீரும்வரை விரட்டு தொடரலாம். அது போராக மாறினாலும் பெருங்காவலரே பார்த்துக்கொள்வார். சபையைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.'

உறுப்பினர்களின் பார்வை சிமிழ் மீதே இருந்தது. அருமைநாயகம் தொண்டையைச் செருமினார்.

"சட்டம், கை தூக்குவோரைப் பற்றித்தான் பேசுகிறது. எனவே இன்று யாரும் கை தூக்க வேண்டியதில்லை. தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் மட்டும் எழுந்து நிற்கலாம். உட்கார்ந்திருப்பவர்கள் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவார்கள்."

அறுபத்தொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று பீரங்கியைப் பற்றிக் கேட்டாரே, அவரும் உட்கார்ந்திருந்தார். ஒருவர் கொஞ்சம் அசைந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும், வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி அமர்ந்தார்.

"எதிர்ப்பு யாருமில்லை" என்றார் அருமைநாயகம்.

"நான் நிக்கேன்யா" என்றார் சிட்டம்மாள்.

அருமைநாயகம் அவரைப் பார்த்தார். விதிநூலைப் புரட்டினார். "சபை ஊழியர்கள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். அது பணி. எதிர்ப்பில் சேராது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது."

"செரி" என்றார் சிட்டம்மாள். சிமிழைத் திறந்து ஈர்க்குச்சியைக் கையில் எடுத்தார். "தீர்மானம் ஆயிட்டு. கறை படாத தீர்மானம் செல்லாதுன்னு சட்டத்துல இருக்கு. கோட்ட யாரு கையில இழுக்கணும்? சொல்லுங்க."

அறுபத்தொரு பேருடைய கைகளும் மேல்துண்டுக்குள் போய்விட்டன. நூற்று இருபத்திரண்டு கைகள். ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. சபைத் தலைவர், இது ஆழ்ந்து ஆராய வேண்டிய கேள்வி என்றும் மூன்று நாளில் தீர்ப்புச் சொல்வதாகவும் அறிவித்தார். முடிவுதான் வந்துவிட்டதே என்று காவலர்கள் வாசலில் இருந்தவர்களை அடித்துக் கலைத்தார்கள். உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை மேலக்காட்டுப் பக்கமிருந்து ஒற்றைமாட்டு வண்டி ஒன்று எல்லைக்கல்லுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் தலைப்பாகை கட்டிய ஒரு உழவர். வண்டியில் வைக்கோல் மேல் தங்கப்பழம் கிடந்தான். போர்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

தீர்மானத்தன்று மாலையே எல்லைக்குப் போய்க் காத்திருந்த சிட்டம்மாள் ஓடி வந்தார். உழவர் வண்டியைவிட்டு இறங்கித் தலைப்பாகையை அவிழ்த்தார்.

"நீங்கதான் அம்மாவா? உங்க பேரத்தான் சொல்லிக்கிட்டே இருந்தான். எங்க வீட்ட பீரங்கி இடிச்சிருச்சு. மாட்டுக் கொட்டில்தான் மிச்சம். அதுலதான் போட்டு வச்சிருந்தோம். எங்களுக்குத் தெரிஞ்ச பச்சிலையெல்லாம் வச்சுப் பாத்தோம். முந்தாநாள் வரைக்கும் கஞ்சி குடிச்சான். ஒரு வைத்தியர் வந்திருந்தா பொழைச்சிருப்பான் தாயி."

முந்தாநாள். சபை உட்கார்ந்தபடியே சம்மதித்ததற்கு மறுநாள்.

சிட்டம்மாள் அந்த மனிதரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அழக் கூடாது என்று ஆணை இருந்தது. அவர் அழுதார். எல்லைக் காவலர்கள் தடுக்கவில்லை. அவர்களுக்கு எழுத்து வேலை இருந்தது. ஒருவர் பட்டியலை எடுத்துத் 'தங்கப்பழம்: தாமதம் தீர்ந்தது, வீடு வந்து சேர்ந்தார்' என்று எழுதினார். அந்த உழவரை என்ன செய்வது என்றுதான் குழப்பம். அந்தப் பக்கம் மனிதர்கள் இருப்பதாக ஆவணங்களில் எங்கும் இல்லை. கடைசியில் 'எல்லை தாண்டிய பன்றி, ஒன்று, விரட்டப்பட்டது' என்று எழுதி, கம்பால் அடித்து அவரைத் துரத்தினார்கள். வண்டியும் மாடும் இந்தப் பக்கமே நின்றன.

அன்று மாலை அருமைநாயகம் தீர்ப்பை வாசித்தார். நல்ல தமிழ். இடையிடையே சபை மேசையைத் தட்டியது.

"இச்சபை யாருடையது? மக்களுடையது. உறுப்பினர் யாருடைய குரல்? மக்களின் குரல். எனில் தீர்மானித்தது யார்? மக்களே. கறையை நாம் சூடிக்கொள்வது மக்களுக்குரியதை நாம் அபகரிப்பது ஆகும். ஆகவே வரும் தேர்தல் முதல், வாக்களிக்கும் ஒவ்வொரு குடிமகனின் விரலிலும் அக்கறை வைக்கப்படும். கோடு வேண்டாம், ஒரு புள்ளி போதும். மக்கள் மீது நமக்குள்ள கருணையை அது காட்டும்."

அடுத்த தேர்தல் வந்தது. சிமிழ் காப்பவர் என்ற முறையில் சிட்டம்மாளைத்தான் வாக்குச்சாவடியில் உட்காரவைத்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. முதலில் வந்தவள், தாமதமானவருக்கு இலை போட்டுச் சோறு வைத்துக்கொண்டிருந்தாளே, அந்தப் பெண். இடது கையை நீட்டினாள். சிட்டம்மாள் ஈர்க்குச்சியைச் சிமிழில் தொட்டு அவள் விரலில் ஒரு புள்ளி வைத்தார்.

அவள் கையை உதறினாள். "எரியுதே அக்கா."

"எரியணும்னுதான் வச்சாங்க தாயி" என்றார் சிட்டம்மாள். "கைதான் மாறிப்போச்சு."

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்கள் நடந்துவிட்டன. மக்கள் முகம் சுளிப்பதைப் பார்த்து, சேங்கொட்டையை நிறுத்திவிட்டு எரியாத மை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெருங்காவலர்கள் மாறினார்கள், சபையும் மாறியது. புள்ளி மட்டும் அதே விரலில் இருக்கிறது. அது எதற்காக வந்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. வாக்களித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் அந்த விரலை உயர்த்திக் காட்டி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். மேற்கே பன்றி விரட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.